கப்பல் பேரு என்ன?

ஹபீப் முகம்மது: ...சன்னலச் சாத்தாதீங்க கிராணியாரே. தொறந்தே இருக்கட்டும்.

அப்புத்துரை: மலை மட்டும்தானே தெரியுது, ஹபீப் நானா. மலையையோ பாக்கப் போறியள்?

ஹபீப் முகம்மது: மலைக்கு மேல பாருங்க.

அப்புத்துரை: ஐயோ... உதென்ன? முகிலோ?

ஹபீப் முகம்மது: மேகந்தான்.

அப்புத்துரை: இப்பிடி ஒரு முகிலை நான் யாழ்ப்பாணத்திலை கண்டதே இல்லை. இந்தத் தொங்கல்லை இருந்து அந்தத் தொங்கல் மட்டும் வில்லு மாதிரி வளைஞ்சு... கீழ் விளிம்பு கத்தியாலை வெட்டின மாதிரி...

ஹபீப் முகம்மது: அதுக்கும் கீழ வெளுப்பாத் தெரியுதுல்ல? வெளிச்சம்னு நெனச்சுராதீங்க. மழ.

அப்புத்துரை: ஒரு இலை கூட அசையேல்லையே.

ஹபீப் முகம்மது: அதான் பயம். இப்பப் புழுங்குதா... திடீர்னு மூஞ்சில சில்லுன்னு ஒரு காத்து அடிக்கும். அது அடிச்சிருச்சுன்னா அப்புறம் ஒரு மணி நேரம் எல்லாத்துக்கும் அல்லாதான் காவல்.

அப்புத்துரை: கடலிலை நிக்கிறவைக்கு?

ஹபீப் முகம்மது: ...என்னா, கணக்கெழுதுற புதுக் கிராணிக்குக் கடல் மேல அக்கற வந்துருச்சு? பினாங்குல கப்பல விட்டு எறங்கி மூணு வாரம் ஆவல, அதுக்குள்ள மாலுமியா?

அப்புத்துரை: பகிடி விடாதேங்கோ நானா. சின்ன வள்ளங்களுக்குத்தான் ஆபத்து, என்ன? எங்கடை சரக்கு ஏத்துற தொங்காங் வள்ளம் மாதிரிப் பெரிசுக்கு...

ஹபீப் முகம்மது: பெரிசென்ன சின்னதென்ன! பாய் விரிச்சிருந்தா கவுத்துரும்.

அப்புத்துரை: நானா... உங்கடை மருமகன் சிக்கந்தர் தொங்காங்கை எடுத்துக்கொண்டு போட்டான். ஏழு பேர். நான்தான் போகச் சொன்னனான்.

ஹபீப் முகம்மது: எம்புட்டுத் தூரம் போவச் சொன்னீங்க?

அப்புத்துரை: தஞ்சோங் தொக்கோங் முனை தாண்டி. கப்பல் வருகுதெண்டு... மற்றக் கம்பெனிக்காரர் முந்துறதுக்கு முன்னம் சரக்கைப் பிடிக்க...

ஹபீப் முகம்மது: கப்பல் இருக்குல்ல? நெசமாவே கப்பல் வருதுல்ல?

அப்புத்துரை: ஓம்... மலையிலை கப்பல் பாத்துச் சொல்லுற கொடி மேடையிலை இருந்து டெலிபோன் வந்தது.

ஹபீப் முகம்மது: அப்பச் சரி லா! பயப்படாதீங்க. கப்பலுக்கு இந்தப் பக்கமா ஒதுங்கிக் கயித்தக் கட்டிக்குவான். எம்மவ ரோஹானாவக் கட்டுனவன், வெவரமான பய... கப்பல் பேரு என்ன?

அப்புத்துரை: பேர் சொல்லேல்லை.

ஹபீப் முகம்மது: கொடி மேடைக்காரன் பேரு சொல்லாம இருக்க மாட்டானே. அவன் சொன்னத அப்பிடியே சொல்லுங்க. ஒரு வார்த்தையும் விடாதீங்க.

அப்புத்துரை: ஒரே இரைச்சல். 'சுமத்ரா வருது, சுமத்ரா வருது' எண்டு ரெண்டு தரம் கத்தினான். நான் நல்லதெண்டு சொல்லி வைச்சிட்டன்.

ஹபீப் முகம்மது: யா அல்லா...

அப்புத்துரை: சுமத்ராவிலை இருந்து கப்பல் வருகுது, அப்பிடித்தானே? வேறை என்ன?

ஹபீப் முகம்மது: அந்தா மலைக்கு மேல நிக்குதே, அதுக்குப் பேருதான்யா சுமத்ரா! அந்தத் தீவுப் பக்கத்துலருந்து வர்ற புயல். வள்ளத்த வெளிய விடாதேன்னு சொல்லியிருக்கான். பினாங்குல பச்சப் புள்ளைக்கும் தெரியும்!

அப்புத்துரை: எனக்குத் தெரியாதே! முருகா... அப்ப அங்கை கப்பலே இல்லையோ? ஏழு பேரையும் நானே அனுப்பி... ஆனா சிக்கந்தர் இந்தக் கடலிலேயே வளந்தவன். அவனுக்கு வானம் தெரியாதோ? ஏன் ஒரு சொல்லுச் சொல்லாமல் போனவன்?

ஹபீப் முகம்மது: சொன்னான். உங்ககிட்ட இல்ல... போற வழியில வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னான். 'மாமா, மலப்பக்கம் ஒரே கருப்பா இருக்கு, நான் போவல'ன்னான். ரோஹானா வாசல்ல நிக்கிறா, எட்டு மாசப் புள்ளத்தாச்சி... அவ முன்னாலயே, 'பொண்டாட்டி முந்தானையில ஒளிஞ்சுக்கப் பாக்குறியா'ன்னு கேட்டுட்டேன். விருட்டுன்னு தொங்காங்குக்குப் போயிட்டான்.