மாரிசெல்வி டீச்சருக்கு ஒரு பேனர்

— அந்தக் கடேசி இங்கிலீஷ் வரிய இன்னொரு மட்டம் வாசிடே, சுரேந்திரா.

— இன் லவ்விங் ரிமெம்பரன்ஸ், மாரிசெல்வி டீச்சர். கரெக்டாத்தான் இருக்கு தளவாய் பெரியப்பா. டென்ஷன் எடுக்காதீங்க.

— வாசிச்சா எல்லாம் சரியாத்தான் கேக்கும். எழுத்தச் சொல்லு. ரிமெம்பரன்ஸுக்கு வாலுல, என்னுக்கு முன்னால, ஏ போட்டிருக்கியா, ஈ போட்டிருக்கியா?

— ஈ.

— தப்புலே. அதுக்கு ஏ.

— அரே, ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே பெரியப்பா.

— தோல் பட்டறையில கெடந்தவனுக்கு எங்க தெரியும்? இருக்கது ஒத்த ரூம்பு. நடுவுல சேலையத் தொங்கவிட்டுட்டு அந்தப் பக்கம் எம் மவ டியூசன் எடுப்பா. இந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடிஞ்சு நான் படுத்துக் கெடப்பேன். ஒறங்கவா விட்டுது? ஏ-யா ஈ-யா, ஏ-யா ஈ-யான்னு புள்ளைங்க தொண்ட கிழியக் கத்தும். ஒஞ் சத்தமும் அதுல உண்டு.

— உண்டு. பெஞ்சுல ஆள் இல்லன்னா ஈதான் வந்து உக்காரும், அதனால ஆப்சென்ஸுக்கு ஈ போடுன்னு அக்கா சொல்லும். அது மட்டும் இன்னும் மறக்கல.

— ரிமெம்பரன்ஸுக்கு என்ன சொல்லுவா?

— நெனைக்க நாலு பேரு இருக்குற எடத்துல ஈக்கு வேலையில்ல, ஏ போடுன்னு சொல்லும். ஸாரி பெரியப்பா. அக்கா பேனர்லயே தப்புப் பண்ணிட்டேன். காலையில கேள்விப்பட்டதுலருந்து எனக்குக் கையே ஓடல.

— அழாதடே. மாத்து. அவகிட்ட படிச்ச பயலுவ, புள்ளைங்க எல்லாம் ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வருங்க. டீச்சர் பேனர்லயே தப்புன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது.

— மாத்தியாச்சு. பிரிண்டுக்குக் குடுக்கவா? பாடி வர்றதுக்கு முன்னால நம்ம சந்து முக்குல கட்டிரணும்லா.

— நில்லு. படத்துக்குப் பின்னால அந்த ஊதா வேண்டாம்.

— மொதல்ல பச்சை வேண்டாம்னீங்க. அப்புறம் ரோஸ் வேண்டாம்னீங்க. மாலைய எடுக்கச் சொன்னீங்க, மறுபடி வைக்கச் சொன்னீங்க. நானும் காலையிலருந்து மாத்திக்கிட்டே இருக்கேன் பெரியப்பா.

— எம் மவளுக்குச் செய்யுறதுல ஒனக்கு என்னலே அவசரம்?

— எனக்கு ஒரு அவசரமும் இல்ல. பெரியம்மா அங்க ஆஸ்பத்திரியில ஒத்தையில உக்காந்திருப்பாங்களேன்னு சொன்னேன். ஒங்க போன் வேற அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுக்கவே மாட்டேங்கிறீங்க.

— டாக்டராத்தான் இருக்கும். அடிக்கட்டும்.

— போலீஸ் பேப்பரெல்லாம் முடிஞ்சுதா? ட்ரெயின்லருந்து விழுந்த கேஸுன்னா அவ்ளோ ஜல்தி விட மாட்டாங்களே.

— எல்லாம் முடிஞ்சுது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

— யாரு போடணும்?

— பெத்தவன்தான் போடணுமாம்.

— அப்ப வாங்க, கடைய சாத்திட்டு நானும் வர்றேன். பைக்ல போயிரலாம். கையெழுத்தப் போட்டுட்டு அக்காவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம்.

— நீ பேனரப் பாருடே. எனக்கு இங்கன உக்காந்திருந்தாத்தான் மூச்சு வருது. அங்க போக என்னால முடியல.

— சரி, நீங்க தண்ணி குடிங்க. ஊதாவ எடுத்து வெள்ள வச்சிட்டேன். இப்ப நல்லா இருக்கா?

— நல்லாத்தான் இருக்கு. சிரிக்கா பாரு. அந்தப் பல்லு அவ ஆத்தா பல்லு.

— ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன், அதோட முடிஞ்சிரும். தோற்றம் போட்டாச்சு. மறைவுக்கு என்ன தேதி போட? வடாலா ஸ்டேஷன்கிட்ட விழுந்தது திங்கக்கெழம. அன்னைக்கேவா, இல்ல இன்னைக்குக் காலையிலயா?

— அதக் காலியா விடு.

— காலியா எப்படி விட பெரியப்பா? பேனர்னா எல்லாரும் மொதல்ல அதத்தான பாப்பாங்க.

— விடுலே. பேனருக்குச் சொல்லிட்டு வந்து கையெழுத்துப் போடுதேன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். நான் போட்டாத்தான் மிஷின நிறுத்துவாங்களாம். அவ நெஞ்சு இன்னும் ஏறி எறங்கிக்கிட்டுத்தாம்லே இருக்கு.