விதைக்கு வைத்த கடலை

"நேத்து என் ஆளுங்க மொத்தப் பேரும் பட்டினியில செத்துட்டாங்கடி."

கனகசெட்டிக்குளம் போகும் பேருந்தில், முன் இருக்கைக்காரி இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அழுகிற குரல் இல்லை, அலுத்த குரல். மடியில் லேப்டாப் பை. பக்கத்தில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க அவள் தோழி.

"யாருடி செத்தாங்க?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிறவங்க. ஆதி காலத்துல விவசாயம் எடம் எடமா எப்பிடிப் பரவுச்சுன்னு பாக்குறோம்ல, அதுக்கு நான் உண்டாக்குன குடும்பங்க. பசி வந்ததும் விதையவும் தின்னுட்டாங்க. அடுத்த எடத்துக்குப் போயி வெதைக்க ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

"எங்க கைடு சார் சிரிச்சாரு. 'விவசாயி எவனாவது விதையத் திம்பானா'ன்னாரு. விதையத் தொடவே கூடாதுன்னு விதி போட்டுட்டேன். இப்ப எல்லாரும் பொழைச்சு, ஜோரா பரவுறாங்க."

தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாங்க தின்னோம்டி. மழ ஏமாத்துன வருசம், விதைக்குன்னு உடைச்சு வெச்சிருந்த மல்லாட்டக் கடலைய அம்மா வறுத்தாங்க. புள்ளைங்க நாங்க சண்ட போட்டுத் தின்னோம். அவ்ளோ ருசி. அடுத்த மாசம் நெலத்த அப்பிடியே போட்டுட்டு டவுனுக்கு வந்துட்டோம். அப்பா தட்டாஞ்சாவடியில வாட்ச்மேன் ஆனாரு."

லேப்டாப் பைக்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு உங்க அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல. நாங்க தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கினு இருந்தாரு. அவரு மட்டும் ஒண்ணுகூடத் தொடல."