ஒன்பதாம் அடியில் சிவப்புக் கோடு

— எட்டரைன்னு கண்ணால பார்த்துட்டுத்தானே சொல்லுதீங்க, நயினார் சாரே?

— பின்னே, வீட்டுல இருந்துட்டா சொல்லுகேன்? ஆத்துக்கு அளவு பார்க்கதுதானே எனக்கு உத்தியோகம். அன்னா, அளவுக்கம்பு கண்ணு முன்னாலதானே நிக்கி. நீயே பாரு தங்கப்பா. சிவப்புக் கோட்டுக்கு அரையடி கீழே கிடக்கு தண்ணி.

— கம்பு எட்டரைதான் சொல்லுது. ஆறு வேற என்னமோ சொல்லுது, கேட்டோ. இந்த நிறம் எனக்குப் பிடிக்கலை.

— ஏலே தங்கப்பா, ஆத்துக்கு நிறம் பார்த்துப் பொண்ணு கேட்கவா போறோம்? அக்கரையில ஒருத்தி நேத்து சாயங்காலத்துல இருந்து துடிச்சுக்கிட்டுக் கிடக்கா. தலைப்பிள்ளை, அதுவும் எட்டாம் மாசம். வள்ளத்தை அவுருலே.

— பிச்சம்மா சேச்சி, நீங்க பிள்ளை எடுக்கும்போ நான் வந்து வழி சொல்லித் தாரேனா? இது என் தொழில். இத்திரி நேரம் சும்மா இருங்க.

— தங்கப்பா, உன் காலைப் பிடிக்கேன். வடிவாம்பாள் எனக்கு ஒத்தை மகள். கூட்டியாரதுக்கு நல்ல நாள் பார்த்து வச்சிருந்தேன், அதுக்குள்ள மழை பிடிச்சிட்டு. இன்னைக்கு விடிஞ்சதும் மருமகன் அக்கரையில நின்னு துண்டை வீசிக் கூவுகான். தலை திரும்பலியாம், கை வெளியே வந்துட்டாம். கேட்டுட்டு இந்தக் கரையில நான் எப்படி நிக்க?

— கரமனைப் பாலம் வழியா போகக்கூடாதா சாரே?

— போகலாம்னுதான் ஓடினேன். பாலம் தாண்டினா வயல் பூரா கழுத்தளவு வெள்ளம், ரோடு எது வரப்பு எதுன்னு தெரியலே. இந்த வள்ளக்கடவை விட்டா எனக்கு வேற வழியில்லே, கேட்டியா.

— அய்யோ, காலை விடுங்க சாரே, வயசுக்கு மூத்த ஆளு. இங்கே பாருங்க. எங்க அச்சன் காலத்துல ஆலமர வேரைப் பார்த்து அளவு சொல்லுவாரு. கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூத்தொன்பது வெள்ளத்துல மரமும் போச்சு, வேரும் போச்சு. பொறவு சர்க்கார் இந்தக் கம்பை நட்டது, ஒன்பதுல சிவப்புக் கோடு போட்டது. அதுக்கு மேலே ஏறினா வள்ளம் இறக்கக் கூடாது. வெயில் காலத்துல கம்பைத் திரும்பிப் பார்க்க மாட்டேன், வெள்ளத்துல எனக்கு உங்க கம்புதான் கண்ணு. கடைசியாக் கேட்கேன். எட்டரைதானே?

— எட்டரை.

— பகவதியே, துணை. ஏறுங்க. சேச்சி நடுவுல. பையை மடியில வச்சு, ரெண்டு கையும் விளிம்பைப் பிடிக்கணும். என்ன வந்தாலும் எழும்பக் கூடாது. ஒருத்தர் விழுந்தா மத்தவங்க எட்டிப் பிடிக்கவும் கூடாது. மூணு பேரும் போயிருவோம், கேட்டோ.

— நல்ல வாக்குச் சொன்னே போ. முருகா, என்னை ஒரு பிள்ளை எடுக்க விடு, பொறவு கூப்பிட்டுக்கோ.

— சாரே, நீங்க பின்னால. அப்படித்தான். விட்டாச்சு.

— எம்மா, என்ன இழுப்பு இழுக்கு! நேரே போகாம ஏம்லே மேலே பார்த்துப் பிடிக்கே?

— ஒழுக்கு நம்மளைக் கீழே தள்ளிட்டேயிருக்கும் சேச்சி. மேலே பிடிச்சாத்தான் ஆனைப்பாறைக்கு மேற்புறமாப் போய்க் கடவுல சேரலாம்.

— ஆனைப்பாறையா? உன் தம்பி ஐயப்பன்...

— அக்கா, இப்போ அந்தப் பேச்சு எதுக்கு?

— நீங்க ஏன் சாரே பதறுதீங்க? என் தம்பிதானே, நானே சொல்லுகேன். ஆமா சேச்சி, அந்தப் பாறைதான். போன வருஷம் கன்னி மாசம். பட்டப்பகல்ல, ஒத்தைக்கு வள்ளத்தைக் கொண்டுபோய் அதுல இடிச்சு ஆத்தோட போயிட்டான். அன்னைக்கும் கம்புல இதே எட்டரை. விசாரணையில சார்தானே ரெஜிஸ்டரை விரிச்சுப் படிச்சாரு. எட்டரைக்கு ஆனைப்பாறை ஒரு அடி வெளியே தலையை நீட்டிட்டு நிக்கும், குருடனுக்கும் தெரியும். அதுல போய் இடிக்கணும்னா குடிச்சிருக்கணும். அப்படித்தான் எழுதினாங்க. நானும் கைநாட்டு வச்சேன்.

— அவனா குடிச்சான்? என் கையில பிறந்த பய. வெத்திலை கூடப் போட மாட்டானே.

— உள்ளுக்குள்ள என்ன இருந்துதோ, யாரு கண்டா? எங்க அம்மை மட்டும் ஒத்துக்கலை. எம்பிள்ளை தொட மாட்டான், நீ ஏன்லே கைநாட்டு வச்சேன்னு கேட்டா. அதோட சரி. ஒன்பது மாசமா எங்கிட்டே ஒரு வார்த்தை பேசலை. சோத்தைப் போட்டு வச்சுட்டு முகத்தைத் திருப்பிட்டுப் போயிருவா.

— தங்கப்பா, கரையைப் பாரு. பேச்சு போதும்.

— பார்த்துட்டுத்தான்... இது என்ன கூத்து? கழி அடியில தட்டலை.

— என்ன தட்டலை?

— எட்டரைன்னா இந்த இடத்துல கழி தரையைத் தொடணும் சாரே. முழுசா இறக்கியாச்சு, கையே முங்கிட்டு. தரையைக் காணோம்.

— மணலை அறுத்துட்டுப் போயிருக்கும். நாலு நாளா வெள்ளம்லா.

— இருக்கும். இருக்கும்... துடுப்பு எடுக்கேன். சேச்சி, அந்தச் சிரட்டையால தண்ணியைக் கோரி வெளியே ஊத்துங்க, கால்கிட்டே ஏறுது.

— நயினாரே, நீரும் ஒரு கை ஊத்தும். என்ன, பேயடிச்சாப்பில இருக்கீரு? மகளை நினைச்சா? இந்தக் கை முந்நூறு பிள்ளை எடுத்திருக்கு வே. நான் போய்த் தொட்டுட்டேன்னா பாதி பயம் போச்சு.

— போய்ச் சேரணுமே அக்கா.

— பாறை எங்கே?

— மழையில மறைச்சிருக்கும் தங்கப்பா.

— மறைக்காது. அக்கரையில ரெட்டைத் தென்னை தெரியுதுல்லா? ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மறையுத இடத்துலதான் ஆனைப்பாறை. இன்னா, மறையப் போகுது. பாறையைக் காணோம். எட்டரைக்கு ஒரு அடி வெளியே நிக்கணுமே! இருபது வருஷம் துடுப்புத் துழைஞ்சவன், எனக்குக் கணக்குத் தப்பிட்டா? சரி, அப்போ பாறை இன்னும் கீழ்ப்பக்கமாத்தான் கிடக்கு. நேரே விடுகேன், கரை பிடிச்சிரலாம்.

— நேரே விடாதே!

— என்ன சாரே?

— விடாதே தங்கப்பா, விடாதே! பாறை இங்கேதான் இருக்கு. உனக்கு முன்னால, தண்ணிக்குள்ள!

— எட்டரையில எப்படி முங்கும்?

— எட்டரை இல்லே. பத்து! கம்பு பொய். வெள்ளத்துல சாஞ்சுட்டு, நான்தான் தூக்கி நட்டேன். அடியில கல்லு, ஆழம் இறங்கலே, கல்லு மேலேயே நிறுத்திட்டேன். ஒண்ணரை அடி ஏத்தமா நிக்கி. ஆறு பத்தடி ஓடுது தங்கப்பா!

— என்டெ பகவதீ! பத்துன்னா பாறை முதுகு அரையடி ஆழத்துல... படுங்க! ரெண்டு பேரும் வள்ளத்துல படுங்க! வெளிப்பக்கமா ஒழுக்கோட விடுகேன்!

— முருகா, முருகா! அடியில உரசுதுலே!

— அசையாதீங்க! அசைஞ்சா கவிழ்ந்துரும்! துடுப்பைக் கொடுத்துத் தள்ளுகேன்... ஆ!

— தங்கப்பா!

— ஒண்ணுமில்லே, தோளு பிசகிட்டு. கடந்துட்டு. பாறையைக் கடந்துட்டு சேச்சி. இன்னும் எழும்பாதீங்க. கடவு போச்சு, கீழே தென்னந்தோப்புல ஒதுக்குகேன்.

— அட பாவி மனுசா! தெரிஞ்சேவா எங்களை ஏத்தினீரு நயினாரே?

— தெரிஞ்சேதான். பத்துன்னு சொன்னா இவன் வள்ளத்தை அவுப்பானா? அவ அங்கே சாகக் கிடக்கா அக்கா. என் புத்தி அவகிட்டேயே நிக்கி.

— ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா வேற கம்பு நட்டிருப்பாம்லா?

— சொன்னா எனக்கு மெமோ வரும். இது ராஜ்யம் பிரிக்கப் போகிற சமயம். எங்க நாஞ்சில்நாடு மதராசோட போகுதுன்னு பேசுகாங்க. ரெஜிஸ்டர்ல பொய் எழுதினவன்னு பேரு விழுந்தா அங்கேயும் எடுக்க மாட்டான், இங்கேயும் வைக்க மாட்டான். பயந்துட்டேன். வேற என்ன சொல்ல, பயந்துட்டேன்.

— விடுங்க சேச்சி, அழுத ஆளை அடிக்காதீங்க. சாரே, கம்பு எப்போ சாஞ்சுது?

— அது... இப்போ, நாலு நாளைக்கு முன்னே.

— நாலு நாளா? அப்போ சரி. இந்த நாலு நாளும் நான் வள்ளம் இறக்கலை. இறக்கினது இன்னைக்குத்தான். ஒரு உசுருக்கும் சேதமில்லே, பகவதி காத்தா. நான் யாருகிட்டேயும் சொல்ல மாட்டேன், கேட்டோ. மழை விட்டதும் நானே வந்து அந்தக் கல்லைத் தோண்டிப் போட்டுக் கம்பை நேரா நட்டுத் தாரேன். மகளைப் பெத்த ஆளு, எனக்குப் புரியாதா? கடைசி நேரத்துல உள்ளதைச் சொன்னீங்களே, அதுலதான் மூணு பேரும் பிழைச்சோம்.

— உனக்குப் பெரிய மனசுலே தங்கப்பா. நானா இருந்தா ஆத்துல தள்ளியிருப்பேன்.

— இன்னா, கரை தட்டிட்டு. சேறு, பார்த்து இறங்குங்க. அன்னா மருமகன் தோப்பு வழியா ஓடி வாராரு. என்னமோ கூவுதாரு... உசுரோட இருக்காளாம்! சீக்கிரம் வரச் சொல்லுதாரு! ஓடுங்க சேச்சி!

— ஓடுகேன், ஓடுகேன். பையைக் குடு. நயினாரே, வாரும்!

— நீங்க முன்னே போங்க அக்கா. அவளைத் தொடுங்க முதல்ல. நான் வாரேன்.

— சாரே, ஏன் இன்னும் வள்ளத்துலேயே இருக்கீங்க? கால் மரத்துட்டா? கையைக் குடுங்க, பிடிச்சு இறக்குகேன்.

— வேண்டாம். கையைத் தராதே.

— என்ன இது? மகள் உசுரோட இருக்கான்னு சொல்லுதாங்க, நீங்க உட்கார்ந்து அழுதா எப்படி? போங்க சாரே, அங்கே உங்களைத் தேடுவா.

— போறேன். போறதுக்கு முன்னே ஒண்ணு சொல்லணும். அவ முகத்தைப் பார்த்துட்டேன்னா பொறவு எனக்கு வாய் வராது, வீட்டைப் பார்த்துப் போயிருவேன். என்னை எனக்குத் தெரியும்.

— எல்லாம்தான் சொல்லியாச்சே. இனி என்ன?

— கம்பு சாஞ்சது நாலு நாளைக்கு முன்னே இல்லே தங்கப்பா. போன வருஷம் கர்க்கடக மாசத்துல, ஐயப்பன் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னே. அவன் பார்த்ததும் இதே பொய்க்கம்பைத்தான். வீட்டுக்குப் போய் உங்க அம்மைகிட்டே சொல்லு, அவ பிள்ளை குடிக்கலே.