புழுதியில் போட்ட சோளம்

– இன்னும் கொஞ்சம் உள்ள போடு மாராத்தா. உழவுச் சாலோட அடிமண்ணுல விழோணும். ஓரத்துல விழுந்தா எறும்புக்குத்தான் விருந்து.

– போட்டுக்கிட்டுத்தானுங்க வாரேன். அடிமண்ணும் மேமண்ணும் ஒரே புழுதியாக் கெடக்குது.

– ஒண்ணுல்ல அம்மிணி. சித்தெ நில்லு, காட்டறேன். மாடும் மூச்சு வாங்கட்டும்.

– மறுபடியும் பாடமுங்களா? ஊட்டுல இருக்கற கடைசி வெதைச் சோளம் இது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில சலிச்சுத் தேடுனாலும் இனி வெதை கெடைக்காது. இதும் போச்சுன்னா தையில என்னத்தைத் திங்கறதுன்னு மொதல்ல அதைக் காட்டுங்க.

– அதுக்குத்தான் சொல்றேன். வெரலை விட்டுப் பாரு. சுடுதா? இன்னும் எறக்கு. இப்ப?

– சூடு கம்மியா இருக்குதுங்க.

– அதுதான். அங்க போட்டாத்தான் வெதை தூங்கும். நாலு தூத்தல் விழுந்தா மேமண்ணு மட்டும் நனையும். மேல கெடக்கற வெதை அதையே மழைன்னு நம்பி மொளைச்சுரும், மறாநாளு வெயில்ல கருகிப்போகும். அடியில கெடக்கறதுக்கு அந்தத் தூத்தல் எட்டவே எட்டாது. ஊத்து ஊத்துன்னு ஊத்தி, ஈரம் அது வரைக்கும் எறங்குனாத்தான் கண்ணு முழிக்கும்.

– வெதை ஏமாறாதுங்க. நீங்க ஏமாறாம இருந்தாச் சரி. ஐப்பசி பொறக்கப் போகுது, வானத்துல பொட்டு மேகமில்ல.

– மேகம் வருது, நிக்க மாட்டீங்குது. மேக்காலக் காத்து கணவாய்க்குள்ள பூந்து எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிருது. அது அடங்கி, கெழக்க இருந்து காத்துத் திரும்பற அன்னிக்கு நமக்கு மழை. அன்னிக்குத்தான் மத்தவங்க கலப்பையத் தேடுவாங்க. உழுது முடிக்கறதுக்குள்ள ஈரம் காஞ்சிரும். நம்ம வெதை அன்னிக்கே முழிச்சிருக்கும்.

– அதெல்லாம் சரீங்க. ஊருக்குள்ள பேசற பேச்சுத்தான் எனக்கு... அங்க பாருங்க, இட்டேரித் தடத்துல உங்க தம்பி ஓடியாறாரு.

– குப்பண்ணனா? வெதைக்க வாடான்னு கூப்பிட்டப்ப வராத மகராசன்! வாடா, வா. சித்தெ மாட்டைப் புடி, நான் தண்ணி குடிச்சுக்கறேன்.

– அண்ணா, ஏரை அவுத்துருங்க.

– பாதிக் காடு கெடக்குதுடா.

– கெடக்கட்டும். கொடும்பாவி எரிச்சு முடியற வரைக்கும் யாரும் மண்ணுல கொழு எறக்கறதில்லைன்னு மாரியாத்தா கோயில்ல ஊரே சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுச்சே, மறந்து போச்சுங்களா?

– ஊரு அணைச்சுது. நான் அணைக்கலியே. கையக் கட்டிக்கிட்டுத்தான நின்னேன்.

– அதைத்தான் எல்லாரும் பாத்தாங்க.

– இங்க பாருடா. வைக்கப் பொம்மைக்குப் பாவின்னு பேரு வெச்சு, தெருத்தெருவா இழுத்து, ஒப்பாரி வெச்சு எரிச்சா வானம் எரங்கும்னா, தாராளமா எரங்கட்டும். நான் குறுக்க நிக்கல. ஆனா, எரிக்க நாளுப் பாத்து நாளுப் பாத்தே பொரட்டாசி போயிருச்சு. மண்ணு நாளுப் பாக்காது.

– காஞ்ச பூமியோட நெஞ்சைக் கீறுனவன் கருப்புசாமி ஒருத்தன்தான், அவனாலதான் வானம் பூட்டிக்கிச்சுன்னு பேசறாங்கண்ணா.

– நான் கீறுனது நேத்து. மழை நின்னது ஆனியில. நேத்துச் செஞ்ச பாவம் ஆனிக்கு எப்படிடா போயிச் சேரும்?

– அதையெல்லாம் கேக்கற கூட்டம் இல்லீங்க அது. பசிச்ச கூட்டம்.

– ஏனுங்க, பறைச் சத்தம் கேக்குதுங்க. சாவுக்கு அடிக்கற அடி.

– கொடும்பாவிக்கும் அதே அடிதான் அம்மிணி. பாடை, கொள்ளிச்சட்டி, மாரடிக்கறது, எல்லாம் நெசச் சாவு மாதிரியே செய்வாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் வானம் நம்பாதாம்.

– சுடுகாடு தெக்கயில்லீங்க இருக்குது? சத்தம் இந்தப் பக்கமில்ல வருது.

– இங்கதான் வாராங்க அண்ணி. அண்ணன் உழுத காட்டு மேலயே இழுத்து, இங்கயே எரிக்கறதாப் பேச்சு.

– வரட்டுமே! வைக்கலை இழுத்தா என்ன ஆகும்? பரம்பு அடிச்ச மாதிரி சாலெல்லாம் மூடிக்கும். வெதை அடியில கெடக்குது, மேல தீ வெச்சாலும் அதுக்குச் சூடு ஏறாது. சாம்பல் வேற மிச்சம். நான் இடுப்பொடியச் செய்யற வேலையை ஊரே சும்மா செஞ்சு குடுக்குதுடா.

– சிரிக்காதீங்கண்ணா. கும்புட்டுக் கேக்கறேன். அண்ணியைக் கூட்டிக்கிட்டு வேலந்தாவளம் தாண்டிப் போயிருங்க. அவங்கப்பன் ஊட்டுல இருங்க. மழை பெஞ்சதும் நானே வந்து கூட்டிக்கறேன்.

– மூடாத சாலு இத்தனை கெடக்குது. இப்படியே போட்டுட்டுப் போனா மயிலும் கௌதாரியும் பொறுக்கிட்டுப் போயிரும். வைக்கப் பொம்மைக்குப் பயந்து வெதையக் குருவிக்குக் குடுக்கச் சொல்றியா?

– இப்ப அது வெறும் பொம்மையில்லீங்க. பாவின்னு பொதுவாச் சொன்னாப் பத்தாதுன்னு, இந்தத் தடவை ஆளுப் பேரே வெச்சுட்டாங்க.

– யாரு பேருங்க கொழுந்தனாரே? ஏன் தலையக் குனியறீங்க? என்னங்க இது, துண்டுக்குக் கீழ... ஏனுங்க, இவுரு தலையப் பாருங்க!

– ஏண்டா மொட்டை? எங்கிட்டச் சொல்லாம பழனிக்குப் போயிட்டு வந்தியா?

– இல்லீங்கண்ணா. புள்ளையில்லாதவனுக்குக் கூடப்பொறந்தவன்தான் கொள்ளி வெக்கோணும்னு ஊரு சொல்லிருச்சு.