கோணேஸ்வரி அன்ரிக்குப் பக்கத்து இருக்கை

எனக்கு மொழிபெயர்ப்பு நன்றாக வரும். டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்துச் சனத்துக்கு டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் நான்தான் தமிழில் சொல்வேன். கதை எழுதத்தான் வராது. கலைப் பள்ளியில் படைப்பெழுத்து படிப்பவனுக்கு அது ஒரு சின்னக் குறைதான்.

பக்கத்து வீட்டுத் தனுசியாவுக்கு வரும். ஒரே பஸ், ஒரே வகுப்பு. என் கதையை வாசித்துவிட்டு, "நல்ல பகிடியடா" என்று சிரிப்பாள். அது சாவு வீட்டுக் கதை.

வருட முடிவில் பெற்றோர் முன்னால் வாசிப்போம். சிறந்த கதை கடைசியாக வரும். போன வருடம் அது அவளுடையது. பொறாமை என்று சொல்ல மாட்டேன். வயிறு கொஞ்சம் எரிந்தது; மத்தியானம் கொத்துரொட்டி சாப்பிட்டிருந்தேன்.

அவளுடைய அம்மா கோணேஸ்வரி அன்ரி, மீன் கடையில் மீன் வெட்டுபவர். ஆங்கிலம் ஓடாது. அன்று அவரை என் பக்கத்தில் இருத்திவிட்டுத் தனுசியா சொன்னாள்: "முடிவை வடிவாச் சொல்லடா. அம்மாவுக்காகத்தான் எழுதினனான்."

சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒருத்தி தோழிகளோடு பஸ்ஸில் போகிறாள். வேலை முடிந்த தாய் மீன் வாடையோடு ஏறுகிறாள். "யார் அது?" என்று தோழி கேட்க, "தெரியாது" என்கிறாள் மகள்.

அன்ரி தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"பிறகு என்னவாம், தம்பி?"

மேடையில் வாசித்த கதையில், பிறகு மகள் தாயின் பின்னால் இறங்கி ஓடுகிறாள். எல்லாருக்கும் கேட்க "அம்மா" என்று கத்தி அந்தக் கையைப் பிடிக்கிறாள். நல்ல முடிவு. எனக்கு வந்திருக்காது.

"அவ்வளவுதான் அன்ரி."

மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது.

"என்னைத் தெரியாதெண்டதுக்கோ உவை கைதட்டினம்?"

"இங்கத்தைச் சனம் அப்பிடித்தான் அன்ரி."

அன்ரி இருந்தபடியே அழுதார். மேடையில் தனுசியா அதைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா உருகிவிட்டா என்று நினைத்திருப்பாள்.

அன்ரி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. செப்டம்பரில், தூரம் என்று சொல்லி, அவளை வீட்டுக்குக் கிட்டவுள்ள பள்ளிக்கு மாற்றிவிட்டார். "அம்மா முகம் குடுத்துக் கதைக்கிறாவே இல்லையடா" என்று தனுசியா என்னிடம்தான் வந்து அழுதாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் இப்போது எழுதுவதில்லை.

இந்த வருடம் கடைசியாக வாசித்தவன் நான். என் அம்மா தானும் வரப்போவதாகச் சொன்னா. வேண்டாம் என்றேன். பக்கத்தில் இருந்து அவவுக்கு மொழிபெயர்க்க, நம்பிக்கையான ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.