கொக்கி ஃபேனுக்கு இல்ல

ஹலோ... ஆங், சொல்லு ஜெரால்டு. மெல்ல பேசுடா, சுஃபியான் இப்பத்தான் கண்ண மூடுனான்... ஆமா, ஜொரம் இன்னும் வுடல. ஒரு கையில தூளிய ஆட்டிகினு, ஒரு கையில போன புடிச்சிகினு நிக்கிறேன்... ஆமா, ஆமா, மருந்து குடுத்தாச்சு. நீ இன்னாத்துக்கு குசுகுசுன்னு பேசுற? மீட்டிங் ஆரம்பிச்சிருக்கணுமே...

வராண்டாவுலயா? எல்லாரையும் உள்ள உக்கார வெச்சிட்டு வராண்டாவுல நின்னுகினு எனக்கு போன் போடுறியா... இன்னா சந்தேகம்?

...கொக்கியா? எந்தக் கொக்கி?... ஆங், நாம கட்டப் போற காப்பகத்துல குழந்தைங்க தூங்குற ரூம்ல, மேல உத்தரத்துல வரிசையா. ஆமா, நான்தான் வரைஞ்சேன். அதுக்கு இன்னா இப்போ... யாரு கேட்டாங்க?... சொக்கம்மாக்காவா! காப்பகம் கேட்ட மீன் விக்கிற பொம்பளைங்க சங்கத்துல இருந்து அவங்களே வந்துகீறாங்களா... சரி, நீ இன்னா சொன்ன?

...

இன்னா? ஃபேனுக்கா!

அய்ய... டேய், பன்னெண்டு கொக்கி கீதுடா அந்த ரூம்ல. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நாலடி கூட இல்ல. றெக்கையும் றெக்கையும் மோதிக்காது? ஆர்க்கிடெக்ட்டுன்னு போர்டு மாட்டிகினு, ஒரே ரூம்ல பன்னெண்டு ஃபேனு சுத்தும்னு அந்தப் பொம்பளைங்க கிட்ட சொல்லிகீற... சிரிச்சிட்டாங்களா? சிரிக்காம இன்னா பண்ணுவாங்க?

...தூளிக்குடா! தூளி! நீயும் ராயபுரத்துல பொறந்தவன்தான? உங்கம்மா உன்ன இன்னா வெல்வெட்டு தொட்டில்லயா போட்டு ஆட்டுனாங்க? பழைய பொடவைய முடிஞ்சி தொங்கவுட்டுதான ஆட்டுனாங்க... விடியறதுக்கு முன்னாடி மீன் ஏலத்துக்கு ஓடுற பொம்பளைங்க அவங்க. அவங்க புள்ளைங்க தூளியிலதான் தூங்கும். கட்டில்ல போட்டா கத்தி ஊரக் கூட்டும். அதான் உத்தரத்துலயே கொக்கி. காங்கிரீட் போடறதுக்கு முன்னாடி கம்பியோட சேத்து கட்டிரணும். அப்பறமா ஓட்ட போட்டு சொருவுனா, ஒரு நாளு புள்ளையோட புட்டுகினு வுழும்... ஆமா. ஆமா. அவ்ளோதான் விஷயம்.

இரு இரு, வெக்காத. இப்ப உள்ள போயி நீயே யோசிச்ச மாதிரி சொல்லப் போறியா?

...ஏன் பம்முற? நேத்து வரைக்கும் நான்தான பேசறதா இருந்துச்சு. புள்ளைக்கு ஜொரம், எங்க வூட்டுக்காரரு ஜுபைர் ஹார்பர்ல ஷிப்ட் முடிச்சு வந்ததும் அவரு கையில குடுத்துட்டு ஓடியாரேன், மத்தியானத்துக்கு தள்ளி வெய்யுங்கன்னு காலைலயே நம்ம ஆபீஸ் மொதலாளி சாருக்கு மெசேஜ் போட்டேன். பதிலுக்கு ஒரு கும்புடு பொம்மைய அனுப்புனாரு. நான் கூட பாவம், நல்ல மனுஷன்னு நெனச்சேன்... சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. திரையில போட்டு காமிக்கிறீங்களே, மொதல் பக்கத்துல ஆர்க்கிடெக்ட்டுன்னு யாரு பேரு கீது?

...

உன் பேரா?... உன் பேரு மட்டுமா?... எப்ப மாத்துனீங்க?

போன வாரமா?

...டேய். போன வாரம் என் புள்ளைக்கு ஜொரமே வரலியேடா.

...ஜஹானாரா! தம்பி மூஞ்சி கிட்ட பந்த கொண்டாராத! அந்தாண்ட போ... ஆங், சொல்லு. சாரு இன்னா சொன்னாரு? எனக்கு அப்படியே சொல்லு, பூசி மொழுவாத... 'ரெண்டு குழந்தைக்காரி, சைட்டுல நிக்க மாட்டா, கிளையன்ட்டுக்கு நம்பிக்க வராது'... ஓ. எந்த சைட்டுல நான் நிக்கலயாம்? வயித்துல இவன வெச்சிகினு எண்ணூர்ல சாம்பல் பறக்குற மண்ணுல நின்னு அளவு எடுத்தது யாரு? நீயா? நீ ஏசி கார்ல உக்காந்து எளநி குடிச்சிகினு இருந்த.

...ஆமா, தெரியும், உனக்கும் வேலை முக்கியம். ஆமா, ஆமா, நீ கேக்கல, அவரே குடுத்தாரு. இந்தக் காப்பகம் வேலை கெடச்சா, 'தஸ்னீம், உன்ன அசோசியேட்டா பெரிய போஸ்ட்டுல வெக்கிறேன்'னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரேடா. ஜஹானாரா பொறந்தப்ப அடுத்த வருஷம்னாரு. இவன் பொறந்தப்ப இந்த வேலை முடியட்டும்னாரு. இப்ப அதுவும் உனக்குத்தானா?... ஆமாவா?... த்தூ!

உன்ன இல்ல. உன்னையும்தான்.

இன்னொண்ணு கேக்குறேன். என் போட்டோ கீதா அதுல? நானும் புள்ளையும் நிக்கிறது?... கீதா! எத்தினியாவது பக்கம்? அதுக்குக் கீழ இன்னா எழுதிகீறீங்க?... 'ஒரு தாயின் கனவு'... அய்ய... போட்டோவுக்கு நான் வேணும், பேருக்கு நான் வேணாம். கனவு என்னுது, கையெழுத்து உன்னுது. இன்னா பொழப்புடா இது? கலீஜ் பொழப்பு!

அந்த ஆபீஸ்ல எனக்குப் பால் கட்டிகினா எங்க போவேன் தெரியுமா உனக்கு? ஒடஞ்ச நாற்காலி போட்டு வெச்சிகீற ஸ்டோர் ரூமுக்கு. தாழ்ப்பா கெடையாது. கதவுல முதுக சாச்சிகினு, வெளிய நீங்க டீ குடிச்சிகினு சிரிக்கிறத கேட்டுகினு, பாலப் பீச்சி வாஷ்பேசின்ல ஊத்துவேன். ஒரு ரூம் பிரிச்சி குடுங்க சார்னு கேட்டதுக்கு 'இது ஆபீஸும்மா'ன்னாரு. அந்த மனுஷன் இன்னிக்கு சூட்டு போட்டுகினு தாய்மாருங்க கஷ்டத்தப் பத்தி பேசறாரு. கேக்க நல்லா கீதா?

...இன்னா? அந்தக் கொக்கி எப்படியும் இருக்காதா? யாரு சொன்னா?... ஃபால்ஸ் சீலிங் போட்டு கீழ மூடுறீங்களா! கொக்கி தெரிஞ்சா அசிங்கமா கீதுன்னு சாரு சொல்லிட்டாரா? அப்ப புள்ளைங்க எங்க தூங்கும், அந்த சீலிங்குக்கு மேல ஏறியா?... எனக்குத் தெரியாது. நீயே போய் உன் பன்னெண்டு ஃபேன மாட்டிக்க... டேய், யாரோ கிட்டக்க வராங்க, சத்தம் கேக்குது. யாரு?... ஜெரால்டு? ஹலோ?

...

ஆங்? யாரு... அக்கா! சொக்கம்மாக்கா, நான் தஸ்னீம் பேசறேன். போன அவன் கையில இருந்து புடுங்கிட்டீங்களா?... நல்லா கீறேன்க்கா. ஆமாக்கா, ஆமா. அந்த சத்தமா? தூளி சத்தம்தான். கயிறு கொக்கியில தேயுதுக்கா. சின்னவனுக்கு ஜொரம்... அதுக்குத்தான்க்கா அங்கயும் கொக்கி போட்டேன். உங்க சந்துல வந்து அளவெடுத்தப்ப பாத்தனே, ஒவ்வொரு வூட்டுலயும் தூளி கட்ட எடமில்லாம வாசப்படியில கட்டிகினு கீறீங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்... ஃபேனா? அது அவன் வுட்ட கத. வுடுங்க.

அக்கா, ஒரு நிமிஷம், நல்லா கேளுங்க. அந்தக் கொக்கிக்குக் கீழ ஷீட்டு போட்டு மூடப் போறாங்களாம். கொக்கி இல்லாத வரைபடத்துல சங்கம் சார்பா கையெழுத்து போடாதீங்க. யாரு எவ்ளோ இனிப்பா பேசனாலும் போடாதீங்க... ஆமாக்கா, நான்தான் வரைஞ்சேன். முழுசும் நான்தான்... பேரா? போடலக்கா... ஏன்னா, எனக்கு புள்ளைங்க கீதாம்.

...புள்ளைய தூக்கிகினே வரவா? இப்பவா?... அய்யோ அக்கா, அந்த ஆபீஸுக்குள்ள புள்ளைங்கள வுட மாட்டாங்க. ரூலு... ஆமாக்கா, குழந்தைங்க காப்பகம் வரையுற அதே ஆபீஸுதான்... நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு சிரிப்பு வரலக்கா.

...சரிக்கா. நான் வராம நீங்க மேல பேச மாட்டேன்னு எழுந்து நின்னுட்டீங்களா? நெஜமாவா?... சரிக்கா... யாருகிட்ட குடுக்குறீங்க? வேணாம்க்கா, வேணா—

...சொல்லுங்க சார்.

...ஆமா சார்... ஆமா... புரியுது சார், ஏதோ தப்பு நடந்துபோச்சு. பேரு தானா மாறிடுச்சு... அசோசியேட்டா? இப்பவா சார்? போன்லயேவா? பத்து வருஷமா இந்தா அந்தான்னு இழுத்த வார்த்த, கிளையன்ட்டு எழுந்து நின்ன ஒடனே வருது... ஜெரால்டோட சேந்தா? ரெண்டு பேரும் அசோசியேட்டா? ரொம்பப் பெரிய மனசு சார்... கார் அனுப்புறீங்களா. கிளம்பிடுச்சா... இல்ல சார், கோவம் இல்ல. கோவம் எல்லாம் தீந்துபோச்சு, இப்ப அருவருப்பா இருக்கு. உங்க குரல கேட்டா போன தொடச்சிட்டு வெக்கணும் போல இருக்கு.

...என்ன சார்? வர்றேன், ஆனா?... ஓ. குழந்தைங்கள மட்டும் எங்கயாவது வுட்டுட்டு வரணுமா?

...சரி சார். வுட்டுட்டே வரேன். மொதல்ல உங்க காப்பகம் கட்டி முடியட்டும், அதுலயே வுடுறேன்.

வெக்கிறேன்.