வரைந்தவர் தெரியவில்லை, எடுத்தவர் தெரியவில்லை

பெயர் தேவிப்பிரியா, வயது 26, தகப்பனார் பெயர் தீர்த்தகிரி, சித்தேரி மலை, பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், தருமபுரி மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். தகப்பனார் சாமை பயிரிடுகிறார். நான் தருமபுரியில் ஒரு கல்லூரியில், பேராசிரியை நிர்மலா அவர்களிடம், இம்மாவட்டச் சுவர் ஓவியங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆய்வில் சேரும் முன்பு பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பழைய கிடங்கின் சுவரில், பக்கத்து வீட்டு குள்ளம்மாள் பெரியம்மா முறத்தில் சாமை புடைப்பதுபோல் ஓவியம் வரைந்து, அடியில் என் பெயரையும் எழுதியிருந்தேன். அதன்பிறகு கிடங்கை இடித்துவிட்டார்கள். என் கைப்பேசியும் பழுதாகிப்போனதால் என்னிடம் படம் எதுவும் மிஞ்சவில்லை.

அதன்பிறகு இணையத்தில் தேடியபோது ஒரு சுற்றுலாத் தளத்தில் அந்த ஓவியத்தின் புகைப்படம் கிடைத்தது. அடிப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. எடுத்தவர் பெயர் இல்லை. தளத்தாருக்கு எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. ஆகவே ஆய்வேட்டில் அப்படத்தின் கீழே, ஓவியத்தில் இருப்பவர் குள்ளம்மாள், வரைந்தவர் தேவிப்பிரியா, புகைப்படம் எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதி, அந்தப் பக்கத்தின் முகவரியையும் நான் பார்த்த தேதியையும் சேர்த்தேன்.

அதன்பிறகு ஒரு கருத்தரங்கில் அப்பக்கத்தைத் திரையில் காட்டினேன். அதை யாரோ கைப்பேசியில் எடுத்து, வரைந்தவர் என்று என் பெயர் வரும் வரிக்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு, பென்னாகரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மாதேஷ் என்பவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர், தான் எடுத்த படத்தை நான் திருடிவிட்டதாகவும், ஓவியமும் என்னுடையதல்ல என்றும் கல்லூரிக்கும் இக்காவல் நிலையத்திற்கும் புகார் கொடுத்தார். கல்லூரியில் என் வாய்மொழித் தேர்வை நிறுத்தி வைத்தார்கள். அன்று என் தகப்பனார் சாமைக் காட்டுக்குப் போகவில்லை. "டேசனுக்கு நானும் வரட்டா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை உதவி ஆய்வாளர் சுகுணா அவர்கள் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரித்தார். நான் ஆய்வேட்டின் முழுப் பக்கத்தைக் காட்டினேன். அதில் இருந்த முகவரியை அவர் கணினியில் திறந்தார். மாதேஷ் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல எம் பேரு போட்டிருந்தனுங்க, அறுத்து எடுத்துட்டானுங்க" என்றார். அதன்பிறகு தன்னிடமிருந்த அசல் படத்தைத் திறந்தார். அதன்கீழே அவரும், வரைந்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும் என்று எழுதி வைத்திருந்தார்.

ஓவியம் உன்னுடையது என்பதற்கு அத்தாட்சி என்ன என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அசல் படத்தில் சுவரின் அடியில் பார்க்கச் சொன்னேன். மாதேஷ் படத்தைப் பெரிதாக்கினார். மழையில் தெறித்த சேற்றுக்கு நடுவே, தீ. தேவிப்பிரியா என்பது பாதிக்கு மேல் தெரிந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, "அன்னிக்கு சேத்தத் தொடச்சுப் பாத்திருந்தா முடிஞ்சிருக்குமேங்க. ஊரெல்லாம் உங்களத்தான் கேட்டுட்டுத் திரிஞ்சேன்" என்றார்.

அதன்பிறகு அவர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, எங்கள் முன்னிலையிலேயே பேராசிரியை நிர்மலாவுக்கும் போன் செய்தார். தேர்வு நடக்கும் என்று பேராசிரியை சொன்னார். அசல் படத்தை ஆய்வேட்டில் சேர்க்கவும், எடுத்தவர் என்று தன் பெயரை எழுதவும் மாதேஷ் அனுமதி கொடுத்திருக்கிறார். பெயர்களை வெட்டிய தளத்திற்கு இருவரும் சேர்ந்தே எழுதப்போகிறோம். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

வெளியே என் தகப்பனாரும் குள்ளம்மாளும் பஸ் பிடித்து வந்து வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். மாதேஷ் பெரியம்மாவை அடையாளம் கண்டு, கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்தார். "எம் மூக்கு இம்மாம் பெருசாவா இருக்குது?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மாதேஷ் கேட்டதற்கு, "மொறம் வூட்டுல இருக்குது. மேல வா, எடுத்துக்க" என்றார். இதில் கையெழுத்திட்டதும் நாங்கள் நால்வரும் மலைக்குப் புறப்படுகிறோம்.

நான் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டாமல் குறைக்காமல் சரியாக உள்ளது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) தீ. தேவிப்பிரியா